செல்வியின் கட்டைவிரல்

ஆடி 5, திங்கள்

இன்றைக்கு இருந்தவர்கள்: கோமளா, மகளிர் குழுத் தலைவி. எஸ்தர், பக்கத்து வீடு. முனியம்மா. பட்டம்மா. கம்ப்யூட்டர் டீச்சர் பிரியா, வயது இருபத்தைந்து இருக்கும், கழுத்தில் அட்டை. அவளோடு தாடிக்காரன் ஒருவன், பெயர் சொல்லவில்லை. நான், அஞ்சலை. நடுவில் வந்து போனவள் என் மருமகள் செல்வி. வேறு யாரும் இல்லை. பின்னால் யாராவது 'நானும் இருந்தேன்' என்றால் பொய்.

வெயில். காற்றே இல்லை. சவுக்குத் தோப்பு ஆடாமல் நின்றது.

குழுக் கட்டடத்தில் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு. பத்து நாள். ஏதோ அறக்கட்டளையாம், பெயர் வாயில் நுழையவில்லை. நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். இந்த நோட்டுதான். டீச்சர் சொல்வதை மட்டும் எழுதச் சொன்னாள். நான் மற்றதையும் எழுதுவேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. நின்ற இடம் மறக்கவில்லை, நிறுத்தியவரையும் மறக்கவில்லை.

மானிட்டர் - டிவி மாதிரி.
கீபோர்டு - எழுத்துப் பலகை. க, ங, ச வரிசையில் இல்லை. யார் கலைத்தார்களோ.
மவுஸ் - கைக்குள் வைத்து நகர்த்துவது.
சி.பி.யு. - மூளை.
லேப்டாப் - எல்லாம் சேர்த்து மடித்தது. மொத்தம் நான்கு கொண்டுவந்தார்கள்.

பாடத்துக்கு முன்னால் வருகைப்பதிவு. ரேஷன் கடையில் இருப்பது போலச் சின்ன மெஷின், கட்டைவிரல் வைக்க வேண்டும். எஸ்தர் வைத்தாள், முனியம்மா வைத்தாள், பட்டம்மா வைத்தாள். என் விரலை எடுக்கவில்லை. பத்து விரலும் பார்த்தான் தாடிக்காரன்.

"ஆயா, உங்களுக்கு ரேகையே இல்ல. தேஞ்சிபோச்சி."

"நாத்து நட்டு நட்டு அப்படி ஆயிடுச்சி. ரேஷன் கடையிலயும் இதே பேஜாருதான்" என்றாள் கோமளா.

"ரேஷன்ல எம் மருமவ வெப்பா. இங்கியும் அவளே வெக்கட்டும்" என்றேன். ஒரே கார்டு, ஒரே குடும்பம். எங்கள் ஊரில் பாதிக் கிழவிகளுக்கு இப்படித்தான் அரிசி வருகிறது.

செல்வி எதிரில் நிறுத்தத்தில் கான்டீன் வேனுக்கு நின்றிருந்தாள். கூப்பிட்டேன்.

"இன்னா அத்தே, வேன் வர்ற நேரத்துல."

"ஒரு விரலுதானேடி. வெச்சிட்டுப் போ."

வைத்தாள். "பதியல, இன்னொரு தபா" என்றான். மறுபடி. மறுபடி. ஐந்து தடவை. அப்புறம் செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னான்.

"வகுப்புக்கு வர்றது அத்தே. நான் ஏன்யா உன்னப் பாத்துக் கண்ணடிக்கணும்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். மூன்று தடவை சிமிட்டினாள். வேன் ஹாரன் அடித்தது, ஓடினாள். அவளுடைய ஆதார் ஜெராக்ஸ் கேட்டான். வீட்டுக்குப் போய் நானே எடுத்துவந்து கொடுத்தேன். சாயங்காலம் என் மகனிடமும் சொல்லிச் சிரித்தோம்.

ஆடி 6, செவ்வாய்

ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லையில். ஏச்சு வாங்கினேன்.

இன்டர்நெட் - உலகத்துக் கம்ப்யூட்டரையெல்லாம் இணைத்த வலை.
டபிள்யூ டபிள்யூ டபிள்யூ - மூன்று தடவை போட வேண்டும். இப்போது போடாவிட்டாலும் போகுமாம்.
பிரவுசர் - உள்ளே போகும் வாசல்.
யு.ஆர்.எல். - விலாசம். ஓர் எழுத்து மாறினால் வேறு யார் வீட்டிலோ நிற்போம். பார்க்க நம் வீடு மாதிரியே இருக்கும் என்றாள் டீச்சர். கேட்கவே ஒரு மாதிரி இருந்தது.

பிரியா நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். என் கையைப் பிடித்து மவுஸை நகர்த்தினாள். அவள் கை ஐஸ் மாதிரி.

செல்விக்கு கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். ஆவணி கடைசிக்குள். ஆராய்ச்சிக்கூடத்துக் கான்டீனில் கான்டிராக்ட் வேலை. சாதாரண இடம் இல்லை, அணு சம்பந்தப்பட்டது. போலீஸ் சான்று இல்லாமல் கேட்டுக்குள் ஈ கூட நுழைய முடியாது. பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் போகிறாள். அவள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தவர்கள் அவள் வீட்டார். பதினொரு வருஷம் ஆகிறது, இலையில் அப்பளம் இல்லை என்பதுவரை நினைவிருக்கிறது. ஆனால் இவள் கை சுத்தம். அதையும் எழுத வேண்டும்.

என் மகன் முருகன் காலை ஷிப்ட். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஃபேக்டரி. ஏழு வருஷமாகக் கான்டிராக்ட். இந்த வருஷம் பர்மனென்ட் பட்டியலில் பெயர் வரும் என்கிறான். பொழுது சாய வந்து மூன்று பேருமாகச் சாப்பிட்டோம்.

"யம்மா, நாளிக்கி எனக்கு இமெயில் போடுவியா?"

"உனக்கு இன்னாத்துக்குடா இமெயிலு? எதிர்லயே குந்திகினு கீறியே."

"செல்வி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. அம்மாகிட்ட எது சொன்னாலும் இப்படித்தான் சண்டைக்கு வரும்."

ஆடி 7, புதன்

மேகம் மூடி இருக்கிறது. பெய்யவில்லை.

பாஸ்வேர்டு - நமக்கு மட்டும் தெரிந்த சொல். பூட்டு மாதிரி. யாருக்காவது தெரிந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.
ஓ.டி.பி. - ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் எண். செல்லுக்கு வரும். கூடப் பிறந்தவர் கேட்டாலும் சொல்லக்கூடாது.
லாக் இன் - உள்ளே போவது. லாக் அவுட் - வெளியே வருவது. வெளியே வராமல் எழுந்து போனால் அடுத்தவன் நாமாகவே உட்கார்ந்துவிடுவான்.

நான் கேட்டேன்: "அப்ப கட்டைவெரலு? அதுவும் பூட்டுதானே. யாராவது எடுத்துகினா அதை எப்படி மாத்தறது?"

தாடிக்காரன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"விரலை மாத்த முடியாது ஆயா" என்றாள் பிரியா. குரல் இறங்கிவிட்டது. பிறகு பெயிண்ட் என்று ஒன்றைத் திறந்து பூ வரைந்து காட்டினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆடி 9, வெள்ளி

அம்மனுக்குக் கூழ். வகுப்பு இல்லை. எஸ்தரும் சொம்பு எடுத்து வந்து வாங்கிப் போனாள், வருஷா வருஷம் வாங்குவாள், கருவாடும் கேட்பாள்.

கூழ் ஊற்றும் இடத்தில் எல்லோரையும் கேட்டேன். முனியம்மா நான்கு தடவை விரல் வைத்தாளாம். எனக்குத் தெரியும், நான்குதான். எஸ்தர் இரண்டு. பட்டம்மா மூன்று. ஒருவருக்கும் முதல் தடவை பதியவில்லை என்றால் மெஷின் கெட்டது. கெட்டிருந்தால் மறுநாள் வேறு கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவரவில்லை.

கோமளா ஒரு தடவைகூட வைக்கவில்லை.

"நீ ஏண்டி வெக்கல?"

"நான் தலைவி. எனக்கு எதுக்கு அட்டனன்ஸ்? ஆயா, கூழு குடிக்க வந்தியா, கேஸு நடத்த வந்தியா?"

நூறு நாள் வேலையில் நான் மண் சுமந்த நாளில் இவள்தான் எனக்கு ஆப்சென்ட் போட்டாள். அன்றைக்கும் இதே சிரிப்பு.

ஆடி 12, திங்கள்

தாடிக்காரன் வரவில்லை. மெஷின் இல்லை.

"இன்னிக்கு வெரலு வெக்க வாணாவா?" என்றாள் பட்டம்மா.

"இனிமே வேண்டாம்மா. போதும்" என்றாள் பிரியா.

போதும் என்றால்? வகுப்பு இன்னும் பாதி இருக்கிறது.

டவுன்லோட் - அங்கிருந்து இங்கே இறக்குவது.
அப்லோட் - இங்கிருந்து அங்கே ஏற்றுவது. ஏற்றியது எங்கே போகிறது என்றேன். கிளவுடு என்றாள். மேகம். மேலே பார்த்தேன்.
வைரஸ் - உள்ளே புகுந்து ஒளிந்திருக்கும். நோய் வந்தது பின்னால்தான் தெரியும்.
சர்வர் டவுன் - இது ரேஷன் கடையிலேயே தெரிந்த சொல்.

போகும்போது பிரியா என் கையில் ஒரு மிட்டாய் வைத்தாள். கண் சிவந்திருந்தது. தூசி என்றாள்.

ஆடி 14, புதன்

கட்டடம் பூட்டு. டீச்சர் போன் சுவிட்ச் ஆஃப். லேப்டாப் நான்கும் நேற்றே ஆட்டோவில் ஏறிப் போயிற்றாம், டீக்கடையில் சொன்னார்கள்.

கோமளா சாவி கொண்டுவந்து திறந்தாள். உள்ளே பெருக்கினோம். பெஞ்சுக்கு அடியில் பிளாஸ்டிக் அட்டைகள். பால் அட்டை அளவு, நடுவில் நகத்தளவு ஓட்டை. பதினான்கு. எஸ்தர் எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது சிம் அட்ட. என் பொண்ணு புது செல்லு வாங்குனப்போ இப்படித்தான் பேத்து எடுத்துக் குட்த்தாங்க. நம்பரு வாங்க வெரலு வெக்கணும், கண்ண சிமிட்டி போட்டோ புடிக்கணும்."

சிம் - இந்தச் சொல்லை டீச்சர் எங்களுக்குச் சொல்லித்தரவே இல்லை.

பிறகு கோமளா: "வெளிய சொல்லாதீங்க. குழு பேரு கெட்டுப்பூடும். போனவ போயிட்டா, நமக்கு இன்னா நஷ்டம்?"

பதினான்கையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் பிடுங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

சாயங்காலம் முருகனிடம் காட்டினேன். "போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வரலாம்டா."

"யம்மா, போலீஸ் டேஷனுக்குப் போனா நம்ம பேருதான் மொதல்ல எழுதுவான். இப்ப எனக்கு அது வாணாம். வுடு."

விட்டேன். அதுவும் என் தப்புதான், எழுதி வைக்கிறேன்.

ஆவணி 2, திங்கள்

செல்விக்கு லீவு. செய்யூர் பிரவுசிங் சென்டரில் போலீஸ் சான்றுக்கு விண்ணப்பம். நானும் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை.

அப்ளிகேஷன் - விண்ணப்பம். பி.டி.எஃப். - அச்சடித்த தாள் மாதிரி, மாற்ற முடியாது. ஸ்டேட்டஸ் - எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது.

சென்டர்காரி சொன்னாள், நான்கு நாளில் வந்துவிடும்.

செல்விக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். "இன்னா அத்தே, திடீர்னு பாசம்?" என்றாள். சிம் அட்டையைப் பற்றி அவளிடம் அப்போதுதான் சொன்னேன். முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள், ஊர் வரும்வரை.

ஆவணி 12, வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மிச்சம். பல் வலி.

சான்று வரவில்லை. செல்வியோடு வேலை செய்கிற மூன்று பேருக்கும் வந்துவிட்டது. இவளுக்கு மட்டும் 'பென்டிங்' என்றே காட்டுகிறதாம்.

ரெஃப்ரெஷ் - மறுபடி கேட்பது. சென்டர்காரி ஏழு தடவை அழுத்தினாள். அதே சொல்.

செல்வி கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுகிறாள்.

ஆவணி 17, செவ்வாய்

காலை பத்து மணி. ஜீப். உள்ளூர் ஸ்டேஷன் எஸ்.ஐ. அம்மா, கூட வெளிமாநிலத்துப் போலீஸ் ஒருவர். அவருக்குத் தமிழ் வராது.

"செல்வி வீடு இதுவா?"

செல்வியின் பெயரில் ஐந்து நம்பராம். அந்த நம்பர்களிலிருந்து அந்தப் போலீஸ்காரர் ஊரில் தனியாக இருந்த ரிட்டையர்டு வாத்தியாருக்குப் போன். போலீஸ் வேஷம் போட்டு வீடியோவில் வந்து, 'உன்னைக் கைது செய்துவிட்டோம், கேமராவை விட்டு நகராதே' என்று மூன்று நாள் உட்கார வைத்திருக்கிறார்கள். சோறு தண்ணீர் இல்லை. அவரிடம் இருந்ததையெல்லாம் உருவிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம், பேச்சு இல்லை.

ஐந்து நம்பர். ஐந்து தடவை. நான் எண்ணிவைத்தது சரி.

செல்வியைக் கான்டீனிலிருந்து வரவழைத்தார்கள். கேட்டிலேயே பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கழுத்து வெறுமையாக இருந்தது. மாவு ஒட்டிய கையோடு நின்றாள்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. வீட்டுக்காரரும் வரணும்" என்றார் எஸ்.ஐ. அம்மா.

போனபிறகு சொன்னேன்: "நாந்தாண்டி உன்னக் கூப்ட்டேன்."

"தெரியும் அத்தே. நீ வேணும்னா கூப்ட்ட? அழாத. எனக்கும் வந்துடும்."

நான் அழவில்லை. அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

முனியம்மா வீட்டுக்கும் எஸ்தர் வீட்டுக்கும் அடுத்து வருவார்கள். அவர்கள் வாசலில் நிற்கிறார்கள், கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கோமளா வீடு பூட்டு. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம்.

ஆவணி 18, புதன்

ஸ்டேஷன். ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை. மின்விசிறி சத்தம்தான், காற்று இல்லை.

டப்பாவையும் இந்த நோட்டையும் மேசைமேல் வைத்தேன். ஆடி 5-ஐத் திறந்து படித்தேன். யார் யார் இருந்தார்கள், எத்தனை தடவை விரல், எத்தனை தடவை கண், எந்த நிறுத்தம், எந்த வேன். எஸ்.ஐ. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உங்க அட்டனன்ஸுக்கு எதுக்கு ஆயா மருமக விரல் வெச்சாங்க?"

"ரேஷன்ல அப்படித்தானம்மா. என் வெரலு வுழல. அவ வெச்சா அரிசி தருவான்."

அவருக்குப் புரிந்தது. அவர் அம்மாவுக்கும் விரல் விழாதாம். வெளிமாநிலத்தாருக்கு எடுத்துச் சொன்னார். அவர் தலையை ஆட்டவில்லை. வயதான அம்மாள், மருமகளுக்காகப் பேசுகிறாள் என்றாராம். வீட்டு ஆண்பிள்ளையைக் கேட்க வேண்டும். ஒரே குடும்பம், அன்றைக்கு அம்மா சொல்லித்தான் விரல் வைத்தாள், அன்று மாலையே வீட்டில் பேசினோம் என்று கணவனும் எழுதிக் கொடுத்தால் இவளைச் சாட்சியாக வைக்கலாம். இல்லாவிட்டால் இவள் குற்றவாளி வரிசையில்.

முருகன் கம்பெனி சட்டையோடு வந்தான். உட்காரச் சொன்னார்கள். நின்றான்.

"எனக்கு எதுவும் தெரியாது மேடம்."

"உங்க மனைவிதானே?"

"நாங்க ஒண்ணா இல்ல மேடம். ஒரு வருஷமா தனித்தனியாத்தான் கீறோம். சோறு கூட தனி. அவ யாருக்கு இன்னா வெச்சிக் குட்த்தான்னு எனக்குத் தெரியாது."

செல்வி அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

"நேத்துக் காலைல அவ கட்டிக் குட்த்த சோத்தத் துன்னுட்டுப் போனவண்டா நீ!" என்றேன்.

"ஆயா, உக்காருங்க."

அவன் எழுதிக் கொடுத்தான். கையெழுத்து நன்றாக இருந்தது. அவனைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்தான்.

"யம்மா, புரிஞ்சிக்கோ. இந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்டு. கேஸுல என் பேரு வந்தா லிஸ்ட்டுல அடிச்சிடுவானுங்க. நான் வெளிய இருந்தாத்தான் அவளுக்கும் ஏதாவது பண்ண முடியும்."

"அவ உள்ள, நீ வெளிய. நல்லா கீது நைனா."

செல்வியின் செல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பத்து நாளில் அந்த ஊருக்கு நேரில் போக வேண்டும். நோட்டீஸில் அவள் கையெழுத்துப் போட்டாள். கைநாட்டு வேண்டாம் என்று எஸ்.ஐ. அம்மாவே சொல்லிவிட்டார்.

ஆவணி 20, வெள்ளி

மழை. முதல் நல்ல மழை. ஆடுகளை உள்ளே கட்டினேன்.

முருகன் நேற்று வந்து சட்டை, பேண்ட், ஷேவிங் செட் எடுத்துப் போனான். சிங்கப்பெருமாள் கோயிலில் கூட வேலை செய்கிறவன் ரூமில் இருக்கிறானாம். யாராவது விசாரிக்க வந்தால் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா. தட்டைக் கூட எடுத்துப் போயிருக்கிறான்.

கான்டீனில் செல்வி இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள்.

எஸ்தர் செங்கல்பட்டில் ஒரு வக்கீல் அம்மாளை விசாரித்து வைத்திருக்கிறாள். திங்கள்கிழமை போகிறோம். நான், எஸ்தர், முனியம்மா, பட்டம்மா. நான்கு பேர் வாயும் ஒன்றாகச் சொன்னால் கேட்பார்களா, தெரியாது. செல்வி ரயில் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுக்கும்போது எங்கேயும் விரல் வைக்கச் சொல்லவில்லையே என்று இரண்டு தடவை கேட்டாள்.

காலையிலிருந்து அவன் மூன்று தடவை போன் செய்துவிட்டான். என் பட்டன் செல் அல்ல, என் நம்பரை மாற்றிப் போட்டு எஸ்தர் மகள் கொடுத்த பழைய டச் செல். அடிக்கும்போது அவன் போட்டோ வருகிறது. நான்காவது தடவையும் அடித்தது.

"எடு அத்தே. உம் புள்ள. சாப்ட்டியான்னு கேக்கும், வேற இன்னா."

எடுக்கவில்லை. எஸ்தரைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டேன். "அக்கா, பெத்த புள்ளயக்கா" என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றேன். காட்டினாள். நானே செய்தேன், என் விரலால். டச் செல்லுக்கு ரேகை தேவையில்லை.

பிளாக் - ஒருவர் கூப்பிடுவது இனி நமக்கு எட்டாதபடி அடைப்பது. பெயரைத் தேடி எடுக்க வேண்டும். நிச்சயமா என்று ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று அழுத்த வேண்டும்.

முருகன்.